எனக்கு மட்டும் சொல்லாதீங்க

அக்கா, தங்கை இரண்டே பேர். வீட்டில் பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டுப் பழகி, இருவருக்கும் தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. பெரியவள் விமானங்களுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் அரசு அலுவலகத்தில் பொறியாளர். ஒரு புது விமானம் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறக்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்கிற இடம் அது. பேட்டரி சம்பந்தப்பட்டது எதுவானாலும் அவள் தலைமையிலான குழு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "ஃபைல் இன்னும் என் மேஜைக்கு வரல" என்பாள்.

சின்னவள் எலும்பு மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவள். அவள் கணவர் விமானி, துணை விமானியாக இருந்து கேப்டன் ஆவதற்குக் காத்திருந்தவர். அம்மா மாதத்தில் பாதி பெரிய மகள் வீட்டிலும் பாதி சின்ன மகள் வீட்டிலும் இருப்பாள். வீட்டுக்கொரு பல் துலக்கும் பிரஷ் வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

சோதனைக்கூடம் நகரத்துக்கு வெளியே இருந்தது. ஜன்னலில்லாத கான்கிரீட் அறை, அதற்கு ஒரு பக்கம் மட்டும் தடித்த கண்ணாடி. பொறுப்பாளர் ஒல்லியான, உயரமான மனிதர். அலுவலகத்தில் அவருக்குத் தீக்குச்சி என்று பெயர். "நாட்டுல எல்லாரும் தீயை அணைக்கச் சம்பளம் வாங்கறாங்க, நான் ஒருத்தன்தான் பத்த வைக்கச் சம்பளம் வாங்கறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அன்று அவர் சிரிக்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் மேஜைமேல் நீல நிற உலோகப் பெட்டி ஒன்று இருந்தது. கைப்பெட்டி அளவுதான். தடித்த புத்தகங்களை நெருக்கி அடுக்கியதுபோல உள்ளே லித்தியம் செல்கள். ஒரு புது வகை விமானத்தில் இந்தப் பேட்டரியை வைத்திருந்தார்கள். பழைய பேட்டரியைவிட எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் லித்தியம் ஒருமுறை பற்றிக்கொண்டால் லேசில் அடங்காது. ஆகவே ஒரு செல் எரிந்தாலும் தீ அடுத்த செல்லுக்குப் போகக் கூடாது, பெட்டிக்கு வெளியே வரக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் சான்று கொடுத்திருந்தார்கள். கம்பெனி முதலில் செய்து காட்டிய சோதனையில் கொஞ்சம் புகை வந்ததோடு சரி. பிறகு கம்பெனி செல்களை வேறோர் இடத்தில் வாங்க ஆரம்பித்ததால், திரும்பவும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பெரியவள் கேட்டிருந்தாள். விமானங்கள் அதற்குள் பல ஊர்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

தீக்குச்சி பொத்தானை அழுத்தினார். ஓர் எஃகு ஆணி மெல்ல இறங்கி ஒரு செல்லைத் துளைத்தது. உஸ் என்று வெள்ளைப் புகை கிளம்பியது.

"அவ்வளவுதான், இத்தோட அடங்கிடும்" என்றார் கம்பெனியிலிருந்து வந்திருந்த பொறியாளர்.

அடங்கவில்லை. பக்கத்து செல் வயிறு ஊதியதுபோல் புடைத்தது. துணியைக் கிழிக்கிற சத்தத்தோடு அதுவும் வெடித்தது. பிறகு அதற்கடுத்தது. மூடி நெளிந்து ஓரம் திறக்க, அந்த இடைவெளியில் தீ சுவர்வரை நீண்டது. தீக்குச்சி அணைப்பு வாயுவைத் திறந்துவிட்டார். தீ செத்தது. எல்லோரும் மூச்சுவிட்டார்கள். உடனே அது திரும்ப எழுந்தது. மறுபடி அணைத்தார், மறுபடியும் எழுந்தது. எரிவதற்கான சூடு உள்ளிருந்தே வந்துகொண்டிருக்க, வெளியே என்ன தெளித்து என்ன? பெரியவள் தன்னை அறியாமல் கண்ணாடியில் கையை வைத்திருந்தாள். கண்ணாடி சுட்டது.

கடைசியில் தானாக எரிந்து முடிந்தபோது மேஜையில் கறுப்பாக ஒரு கட்டி இருந்தது. பிறகு கம்பெனிப் பொறியாளர், "பெட்டியை எர்த் பண்ணியிருக்கீங்க. விமானத்துல அப்படிக் கிடையாது. இந்தச் சோதனையே தப்பு" என்றார்.

"உங்க வரைபடத்தைப் பார்த்துத்தான் எர்த் பண்ணினேன்" என்றார் தீக்குச்சி.

"அது பழைய வரைபடம்."

தலைமை அதிகாரியின் அறையில் கூட்டம் நடந்தது. எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பார் என்பதால் அவருக்குப் பார்ப்போம் சார் என்று பெயர். கெட்டவர் இல்லை. யார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பவர். ஆனால் முடிவெடுக்கச் சொன்னால் நாற்காலியில் நெளிவார். கம்பெனி தன் இடத்திலேயே இன்னொரு முறை சோதித்துக் காட்ட அவகாசம் கொடுப்பது, அதுவரை விமானங்கள் பறக்கட்டும், சோதனை விவரம் கம்பெனியின் தொழில் ரகசியம் என்பதால் யாரும் வெளியே பேசக் கூடாது என்று முடிவாயிற்று. விமானங்களை நிறுத்திவைக்க வேண்டும் என்று பெரியவள் மட்டும் சொன்னாள். அவள் கருத்தைக் குறித்துக்கொண்டார்கள். தன் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். அப்படி நினைக்க அன்றைக்கு முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளை வாய் ஓயாமல் பேசினார். அந்தப் புது வகை விமானத்துக்கான பயிற்சியை முடித்துத் தேறியிருந்தார்.

"சத்தமே இல்லக்கா. பழசை ஓட்டிட்டு இதுல ஏறினா, லாரியிலேர்ந்து இறங்கி ஊஞ்சல்ல உக்காந்த மாதிரி இருக்கு" என்றார். அவர் மனைவியின் அக்காவை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"எப்போலேர்ந்து டூட்டி?" என்று கேட்டாள் பெரியவள். தன் குரல் எப்படி ஒலித்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அடுத்த வாரம்."

சாப்பிட்டு முடித்து, சின்னவள் பாத்திரம் கழுவ, பெரியவள் துடைத்து அடுக்கினாள். கூடத்தில் அம்மா டிவியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த விமானம் உங்க ஆபீஸ் பாஸ் போட்டதுதானே? நல்லாத்தானே இருக்கு?" என்றாள் சின்னவள்.

பெரியவள் ஒரு தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். "உரிய பரிசோதனைகள் அனைத்தும் முறைப்படி மேற்கொள்ளப்பட்ட பிறகே சான்று வழங்கப்படுகிறது."

சின்னவள் குழாயை மூடினாள். "ஏன் செய்தி வாசிக்கிற?"

"என்ன?"

"நீ பொய் சொல்லும்போது மட்டும்தான் இப்படிப் பேசுவ. ஜாடியை உடைச்சுட்டு, 'அது தவறுதலாகக் கீழே விழுந்துவிட்டது'ன்னு அம்மாகிட்ட சொன்னவதானே நீ?"

வேறொரு நாளாயிருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

"அக்கா, ஏதாவது இருக்கா?"

"என்கிட்ட கேக்காத."

"உன்கிட்ட கேக்காம நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

"அதனாலதான் சொல்றேன். கேக்காத."

சின்னவள் ஈரக் கையோடு அக்காவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூடத்துக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை முதல் டூட்டிக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். சின்னவள் காரணம் சொல்லாமல் அழுது அவரைத் தடுத்திருந்தாள். ஏதோ கெட்ட கனவு கண்டிருப்பாள், ஒரு நாள்தானே என்று அவரும் விட்டுக்கொடுத்தார். அவருக்குப் பதிலாக அவரோடு பயிற்சி எடுத்த நண்பரை அனுப்பினார்கள். எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பதால் அவருக்குப் பாடகன் என்று பட்டப்பெயர். விமானம் ஒழுங்காகப் போய் ஒழுங்காக வந்தது.

இரண்டாவது டூட்டிக்கும் சின்னவள் குறுக்கே நின்றாள். அப்போதுதான் அவர் விடாப்பிடியாகக் கேட்டார், அவளும் சொல்லிவிட்டாள். சொல்ல அவளிடம் என்ன இருந்தது? அக்கா ஒன்றும் சொல்லவில்லை என்பதைத்தான் சொன்னாள். அவருக்கு அது போதுமாயிருந்தது.

அவர் நேராகப் பெரியவளின் அலுவலகத்துக்கு வந்தார். சாப்பாட்டு நேரம் முடிந்து கேன்டீன் காலியாகக் கிடந்தது. மேஜை துடைக்கிற பெண் இவர்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனாள்.

"வாங்க தம்பி. ஏதாவது சாப்பிடறீங்களா?"

"வேணாம்க்கா." அவர் உட்காரவில்லை. "அன்னிக்கு எனக்குப் பதிலா யார் போனாங்க தெரியுமா?"

"தெரியாது."

"பாடகன். எங்க கல்யாணத்துல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு இறங்க மாட்டேன்னானே, அவன். இப்பத்தான் அவனுக்குக் குழந்தை பிறந்திருக்கு. நான் ஓட்டலைன்னா விமானம் நிக்காதுக்கா, இன்னொருத்தன் ஓட்டுவான். அவன் பொண்டாட்டிக்கு உங்க ஆபீஸ்ல அக்கா இல்ல. பின்னாடி உக்காந்திருந்தவங்க யாருக்கும் இல்ல."

"நான் அவகிட்ட ஒண்ணுமே சொல்லல."

"தெரியும். சொல்லாமலே எங்க வீட்டுக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சு. அதுதான் எனக்குத் தாங்கல."

பெரியவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "உக்காருங்க. நான் பார்த்ததை உங்களுக்குச் சொல்லிடறேன். வேலை போனாப் போகட்டும்."

"எனக்கு மட்டும் சொல்லாதீங்க" என்றார் அவர். "சொல்றதுன்னா எல்லாருக்கும் சொல்லுங்க. இல்லைன்னா எனக்கும் வேணாம். நாளைக்கு நான் டூட்டிக்குப் போறேன்."

சொன்னபடியே போனார். மறுநாள் பெரியவள் மேஜையில் எந்த வேலையும் ஓடவில்லை. விமான நிலையத்தின் வருகைப் பலகையைத் திரையில் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். அந்த விமானம் தாமதம் என்று ஒருமுறை காட்டியபோது விமான நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். மழையாம், வேறொன்றுமில்லை. தரையிறங்கிவிட்டது என்று எழுத்து மாறியதும் எழுந்து பார்ப்போம் சாரின் அறைக்குப் போனாள்.

அலுவலக விதிகளில் ஒன்று யாரும் தொடாமல் கிடந்தது. சான்று கொடுத்தபோது போட்ட நிபந்தனை ஒன்று சந்தேகத்துக்கு இடமாகிவிட்டால், குழுத் தலைவர் பொது விசாரணை கேட்கலாம். கேட்டுவிட்டால் சோதனை விவரத்தை மக்கள் முன்னால் வைத்துத்தான் ஆக வேண்டும். இதுவரை யாரும் கேட்டதில்லை.

"நான் கேக்கறேன் சார்."

பார்ப்போம் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஜனங்க பயந்துபோயிடுவாங்கம்மா. நாளைக்கே டிக்கெட்டை ரத்து பண்ணுவாங்க. எத்தனை பேர் பொழைப்பு அதுல இருக்கு, யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார்."

"இதுவரைக்கும் ஒரு விமானத்துல கூட எதுவும் ஆகலையே."

"ஆகட்டும்னு காத்திருக்கோமா சார்?"

அவர் முகம் சுருங்கியது. "அப்படிச் சொல்லாத. எனக்கும் தூக்கம் இல்ல." எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நீ கேட்டா நான் தடுக்க முடியாது. ஆனா அதுக்கப்புறம் இந்த நாற்காலியில உன்னை வச்சிருக்கவும் முடியாது. மேலேர்ந்து விட மாட்டாங்க."

"சரி சார்."

"இன்னும் ரெண்டு நாள் யோசிச்சுப் பாரேன்."

"அந்த ரெண்டு நாளும் விமானம் பறக்குமே சார்" என்றாள் அவள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கேட்க வேண்டியதை எழுதித் தரச் சொன்னார்.

விசாரணை நகராட்சி மன்ற அரங்கத்தில் நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை. பத்திரிகைக்காரர்கள், விமானிகள், பணிப்பெண்கள், அடுத்த மாதம் டிக்கெட் எடுத்திருந்த சாதாரண ஜனங்கள் என்று நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். மூன்றாவது வரிசையில் சின்னவளும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். விமானிகள் கூட்டத்தில் பாடகனும் இருந்தார்.

முதலில் சோதனையின் படத்தைத் திரையில் போட்டார்கள். தீ அணைந்து எழுந்தபோது அரங்கத்தில் சின்ன சலசலப்பு. இரண்டாம் முறை எழுந்தபோது சுவரோரம் நின்றவர்கள் முன்னால் நகர்ந்தார்கள்.

மூத்த பணிப்பெண் ஒருவர் எழுந்து கேட்டார். "அந்தப் பெட்டி விமானத்துல எங்க இருக்கு?"

கம்பெனிப் பொறியாளர், "முன்பக்கம், தரைக்குக் கீழே" என்றார்.

"யார் காலுக்குக் கீழே?"

அவர் கையிலிருந்த தாளை மடித்தார். "நீங்க உக்கார்ற இடத்துக்குக் கீழேம்மா."

நீதிபதி முன்னால் குனிந்தார். "இந்த மாதிரித் தீ பறக்கும்போது வராதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"வர வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு, ஐயா."

"நான் அதைக் கேக்கல."

பொறியாளர் தன் கம்பெனி ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். அவருக்கும் வயதாகியிருந்தது, களைத்திருந்தார். "சொல்ல முடியாது, ஐயா" என்றார்.

அதற்குப் பிறகு கம்பெனியின் வக்கீல் எழுந்தார். மெல்லிய குரலில் பேசும் பெண்மணி. பெரியவளைப் பார்த்து, "உங்க தங்கை கணவர் இதே விமானத்தை ஓட்டறவர்தானே?" என்று கேட்டார்.

"ஆமா."

"சோதனை நடந்த கொஞ்ச நாள்லயே அவருக்கு முதல் டூட்டி வந்திருக்கு. உடம்பு சரியில்லைன்னு போகல. அவருக்கு என்ன உடம்புக்கு?"

அதை நான் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை என்று பெரியவள் சொல்லியிருக்கலாம். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பார்ப்போம் சார் முதல் வரிசையிலிருந்து அவளைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தார். அப்படியே சொல்லித் தப்பித்துக்கொள் என்பதுபோல இருந்தது.

"அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் பெரியவள்.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"என் தங்கச்சி என்கிட்ட கேட்டா, அந்த விமானம் நல்லதான்னு. சொல்லக் கூடாதுங்கறதால நான் எதுவும் சொல்லல. ஆனா அவளை என்னால ஏமாத்த முடியல. என் முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டா. அவர் அன்னிக்குப் போகல, அவருக்குப் பதிலா இன்னொருத்தர் போனார். அந்த விமானத்துல போன யாருக்கும், கேக்கறதுக்கு என்னை மாதிரி ஒரு ஆள் இல்ல. அது தப்பு. என் பக்கத்துத் தப்புதான். அதனாலதான் இந்த விசாரணையைக் கேட்டேன்."

வக்கீல் தலையைக் குனிந்து எதையோ புரட்டினார். "வேற கேள்வி இல்லை" என்றார்.

சின்னவள் எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். மாப்பிள்ளை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. விமானிகள் வரிசையில் பாடகன் திரும்பி அவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அந்த வாரமே விமானங்களை நிறுத்தினார்கள். விமான நிலையத்தின் ஓரத்தில் அவை வரிசையாக நின்றதை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். கம்பெனி பேட்டரிப் பெட்டியைப் புதிதாக வடிவமைக்க ஆரம்பித்தது. செல்களுக்கு நடுவே தடுப்பு, கனமான எஃகு உறை, புகையை விமானத்துக்கு வெளியே கொண்டுபோக ஒரு குழாய். அதையெல்லாம் செய்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

அந்த ஒரு வருஷமும் நல்லபடியாகப் போகவில்லை. விமானம் ஓடாததால் மூட்டை ஏற்றுகிறவர்கள், டிக்கெட் கொடுக்கிறவர்கள் என்று பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருநாள் பேருந்தில் ஒரு நடுவயதுக்காரர் பெரியவளை அடையாளம் கண்டுகொண்டு, "ஒண்ணுமே நடக்கலையேம்மா. எங்க வயித்துல அடிச்சதுதான் மிச்சம்" என்றார். என்ன சொல்வது? நடக்காமல் போனதை எப்படிக் காட்டுவது? அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மிச்ச தூரத்தை நடந்தே போனாள்.

பொய்யாக லீவு போட்டதற்காக மாப்பிள்ளையின் கேப்டன் பதவி தள்ளிப்போனது. பாடகன் சண்டை ஒன்றும் போடவில்லை. பேசுவதையும் நிறுத்தவில்லை. ஆனால் பழைய விமானங்களில் இருவருக்கும் ஒரே நேரத்தில் டூட்டி விழுந்தால் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு அதுதான் பதவி தள்ளிப்போனதைவிட வலித்தது.

சின்னவள் அக்காவோடு பேசுவதை விட்டுவிட்டாள். கடைசியாகப் போனில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நீ உண்மையைச் சொன்ன, சரி. ஊரைக் காப்பாத்தின, அதுவும் சரி. எங்களைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

அம்மாதான் இரண்டு வீட்டுக்கும் நடுவே பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்காம இருந்தா, உங்க சார்பா நானே என்னோட சண்டை போட்டுக்க வேண்டியதா இருக்கு" என்று அலுத்துக்கொண்டாள்.

பார்ப்போம் சார் சொன்னபடியே பெரியவளைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் விசாரணையின் முடிவில் நீதிபதி ஒரு பரிந்துரை செய்திருந்தார். விமானப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சோதனைகளை யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும் என்று. அதற்காக அலுவலகத்தின் தரைத்தளத்தில், பழைய சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், ஒரு வாசிப்பறை திறந்தார்கள். நான்கு மேஜைகள், ஒரு மின்விசிறி, தண்ணீர் கேன். அதற்குப் பொறுப்பாகப் பெரியவளைப் போட்டார்கள். தண்டனையாகத்தான் போட்டார்கள். முதல் சில வாரங்களில் மழைக்கு ஒதுங்குகிறவர்களைத் தவிர யாரும் வரவில்லை. தீக்குச்சி மட்டும் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்து, "வியாபாரம் எப்படி?" என்று கேட்பார்.

பிறகு ஒருவர் இருவராக வந்தார்கள். விமானத்தில் ஏறவே பயப்படும் ஒரு பள்ளி ஆசிரியர். பேட்டரி பற்றிப் படிக்கிற மாணவிகள். அரங்கத்தில் கேள்வி கேட்ட அந்த மூத்த பணிப்பெண் ஒருமுறை வந்து முழுவதையும் படித்துவிட்டு, பெரியவளின் கையை அழுத்திவிட்டுப் போனார்.

புதுப் பெட்டிக்குச் சான்று கிடைத்து விமானங்கள் பறக்கப்போகும் சமயத்தில் ஒரு மதியம் சின்னவள் வந்தாள். மருத்துவமனைச் சீருடையோடு, கைப்பையை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றாள். பெரியவள் எழுந்தாள். சின்னவள் அவளைப் பார்க்காமல், "அந்தப் பேட்டரி சோதனை வேணும்" என்றாள்.

பெரியவள் எடுத்துக்கொடுத்தாள். சின்னவள் ஒரு மேஜையில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"பக்கத்து செல் எவ்வளவு சூடாச்சு?"

"தொட்டா கை பொத்துப்போயிடும். ஆனா பத்திக்கல."

"எத்தனை தடவை பண்ணிப் பார்த்தாங்க?"

"மூணு தடவை. கடைசித் தடவை கொஞ்சம் புகை மூடி வழியா கசிஞ்சுது. மிச்சம் குழாய் வழியா வெளிய போயிடுச்சு. அதையும் போட்டிருக்கு, பின்னாடி பாரு."

சின்னவள் திருப்பிப் பார்த்தாள். "இனிமே எரியவே எரியாதா?"

"அப்படிச் சொல்ல முடியாதுடி. எரிஞ்சா பெட்டிக்குள்ளயே நிக்கும். அவ்வளவுதான் தெரியும்."

"எனக்குப் பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்."

"உன்மேல கோவமும் அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும்."

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அப்போது ஒரு முதியவர் வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று தயங்கினார். மகள் நாளை மறுநாள் அந்த விமானத்தில்தான் போகிறாளாம். அந்தப் பேட்டரி விவரம் இங்கே பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்களாம். தனக்கு இதெல்லாம் புரியுமா என்று தெரியவில்லை என்றார்.

பெரியவள் வாயைத் திறக்கும் முன் சின்னவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க ஐயா. எனக்கும் மொதல்ல புரியல" என்றாள். "இங்கேருந்து ஆரம்பிக்கலாம். இந்தப் படத்தைப் பாருங்க, இதுதான் ஒரு செல்."

முதியவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பெரியவள் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.